சுழலும் உருளைத் தொட்டியோடு ஏழு ஆண்டுகள்

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு சுழல்மேசையை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டையடி அக்ரிலிக் தொட்டி, அதைத் தாங்கும் இரும்புத் தட்டு, பெல்ட் வழியாக இயக்கும் சிறு மோட்டார், தொட்டியோடு சேர்ந்தே சுழலும் கேமரா, இவ்வளவுதான் கருவி. இதை வாங்கவோ செய்துகொள்ளவோ எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, அடித்தளத்தை ஒட்டிய ஒரு மில்லிமீட்டர் நீரைக் கவனியுங்கள் என்பதுதான்.

மாணவர்கள் முதலில் வியப்பது மேற்பரப்பின் குழிவைக் கண்டுதான். நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் விளிம்பு நீர் மையத்தைவிட ஏறத்தாழ 4.5 செ.மீ. உயர்ந்து நிற்கும்; நீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றினாலும் அளவு மாறாது. நியூட்டன் 1687-இல் தம் வாளிச் சோதனையில் எடுத்துக்காட்டிய குழிவும், உத்தராகண்டின் தேவஸ்தலில் 4 மீட்டர் தொலைநோக்கியின் பாதரச ஆடி ஏறத்தாழ 8 நொடிக்கு ஒருமுறை சுழன்று பெறும் பரவளைய வடிவமும் இதுவே.

ஆனால் கருவியின் உண்மையான மதிப்பு, நீர் அந்த நிலையை எவ்வாறு அடைகிறது என்பதைக் காட்டுவதில் இருக்கிறது. 15 செ.மீ. ஆழ நீரில் சுழற்சி பாகுநிலையால், அதாவது நீரடுக்குகளுக்கு இடையிலான உராய்வால் மட்டுமே பரவ வேண்டுமென்றால் அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 10 சுற்றில் எங்கள் தொட்டியோ பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஒரே திண்மப்பொருள் போலச் சுழலத் தொடங்கிவிடுகிறது. அடியில், ஊதாச் சாயமாகக் கரையும் சில பொட்டாசியம் பர்மாங்கனேட் படிகங்களைப் போட்டுவிட்டு மோட்டாரை இயக்கினால் காரணம் கண்ணுக்குத் தெரியும். அடித்தளத்தோடு ஒட்டிச் சுழலும் மெல்லிய படலம் வெளிப்புறமாக வீசப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப மேலுள்ள நீர் கீழிறங்குகிறது. சுவரோரம் ஏறிய நீர் சுழற்சியைச் சுமந்துகொண்டு உள்நோக்கி வருகிறது. 1905-இல் ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் கடல் நீரோட்டங்களுக்காகக் கணித்துக் காட்டிய வகையைச் சேர்ந்த இந்தப் படலம், இந்த வேகத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனே உடையது.

மேசையைத் திடீரென நிறுத்தினால் எல்லாம் தலைகீழாகிறது. மேலே நீர் சுழன்றுகொண்டிருக்க, அடிப்படலம் மட்டும் வேகமிழந்து, அழுத்தம் குறைந்த மையத்தை நோக்கி இழுபடுகிறது. தூவியிருந்த தேயிலைத் தூள்கள் நடுவில் குவிகின்றன. ஆற்று வளைவுகள் உருவாவதை 1926-இல் ஐன்ஸ்டீன் இந்தத் தேநீர்க் கோப்பைக் காட்சியைக் கொண்டே விளக்கினார். நான் எத்தனையோ முறை செய்து காட்டிவிட்டேன்; அந்தக் குவிதலைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே அடிப்பலகை ஒட்டில் கசிவு ஏற்பட்டது. பெல்ட் தளரும்போது வேகம் ஏறி இறங்கி, அமைதியடைந்த நீரை மீண்டும் கலக்கிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் ரசமட்டம் வைத்து அச்சைச் செங்குத்தாக்காவிட்டால், சுற்றுக்கொரு முறை நீர் அலம்புவதைத் தவிர்க்க முடியாது. முதல் ஆண்டு முழுவதும் எங்களைக் குழப்பிய தொல்லை ஒன்று கருவிக்கு வெளியிலிருந்து வந்தது: மின்விசிறிக் காற்று மேற்பரப்பை உரசியதோடு, நீர் ஆவியாகி மேல்மட்டம் குளிர்ந்ததால் சாயம் தாரைகளாகக் கீழிறங்கியது. இப்போது தொட்டியை மூடி, விசிறியை அணைத்த பிறகே தொடங்குகிறேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஷாப்பிரோ 1962-இல் ஆறடி விட்டத் தொட்டியில், வடியும் நீர் மீது புவிச் சுழற்சியின் விளைவைக் காண, நீரை 24 மணி நேரம் அசையாமல் விட்டுவைத்த பின்னரே வடிதுளையின் அடைப்பானை எடுத்தார். அந்தப் பொறுமையின் தேவை எனக்கு இந்தத் தொல்லைக்குப் பிறகுதான் முழுமையாக விளங்கியது.

எங்கள் தொட்டியின் நடுவிலும் ஒரு வடிதுளை உண்டு. சுழலும்போது அதைத் திறந்தால், உள்நோக்கி வரும் நீர் தன் கோண உந்தத்தை (சுற்றும் வேகத்தையும் மையத்திலிருந்துள்ள தொலைவையும் பெருக்கினால் வரும் அளவைச் சார்ந்தது) காத்துக்கொண்டு, தொட்டி சுழலும் திசையிலேயே மிக விரைவான மெல்லிய சுழியாக மாறுகிறது. வடியும் நீரில் கணிசமான பங்கு அடிப்படலம் வழியாகவே துளையை அடைய வேண்டியது. ஆனால் துளையின் பித்தளை வளையம் தளத்தைவிட 2 மி.மீ. துருத்தியிருந்ததால், தரையோடு வந்த சாயம் அதில் மோதி மேலே எழுந்து சிதறிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு லேத்தில் கொடுத்து வளையத்தைத் தளமட்டத்துக்குக் கடைந்து வாங்கினோம். அதன் பிறகு சாயக் கோடுகள் நெளிவில்லாமல் வளைந்து துளை வரை வந்து சேர்கின்றன.