நாவலைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்க்கிறவர்களுக்கு

பழைய அறிவியல் புனைவு நாவல்கள் தொலைக்காட்சித் தொடர்களாக வரும்போது விடாமல் பார்த்துவருகிறேன். பிடித்தவற்றைச் சில வருடம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். ஒவ்வொரு தொடர் வெளியாகும்போதும் ரசிகர்களுக்குள் ஒரே சண்டைதான்: நாவலில் உள்ளபடி எடுத்தார்களா, இல்லையா? இந்த அளவுகோல் எனக்குப் பெரிதாக உதவியதில்லை. நாவலில் இல்லாததைப் புதிதாகச் சேர்த்த இடங்கள் பெரும்பாலும் நிற்கின்றன. நாவலில் உள்ள ஒருவரை நேர்மாறான ஆளாக மாற்றிய இடங்கள் எத்தனை முறை பார்த்தாலும் உறுத்துகின்றன.

இதற்கு நல்ல உதாரணம் 2021-ல் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் தொடங்கிய ‘ஃபவுண்டேஷன்’. ஐசக் அசிமோவ் 1940-களில் பத்திரிகைக் கதைகளாக எழுதி, 1951-ல் புத்தகமாக வந்தது மூலம். விண்மீன் பேரரசு சரியப்போகிறது, அதற்குப்பின் வரும் 30,000 வருட இருண்ட காலத்தை 1,000 வருடமாகக் குறைக்கலாம் என்று ஹாரி செல்டன் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் தனிமனிதருக்கு இடமில்லை, பெருங்கூட்டத்துக்குத்தான் இடம். அதனால் அசிமோவ் பாட்டுக்குப் பல பத்தாண்டுகளைத் தாண்டிப் போய்விடுவார். அடுத்த பகுதியைப் புரட்டினால் எல்லோரும் புது ஆட்கள். படிக்கும்போது இது பெரிய சுகம். ஆனால் தொடர் பார்க்கிறவர்கள் அடுத்த வாரமும் அதே முகத்தைத் தேடுவார்கள்.

இதற்குத் தொடரை எழுதியவர்கள் கண்டுபிடித்த வழிதான் குளோன் பேரரசர்கள். ஒரே மனிதரின் நகல்கள் மூன்று வெவ்வேறு வயதுகளில், மூன்று பேராக, நூற்றாண்டுக் கணக்கில் அரியணையில் இருக்கிறார்கள். கதை எத்தனை வருடம் தாண்டினாலும் பேரரசராக நடிக்கும் லீ பேஸின் முகம் மாறாது. நடிகரைத் தக்கவைக்கும் உபாயம் என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. முன்பே எழுதிவைத்த பாதையிலிருந்து ஒரு மனிதன் விலக முடியுமா என்பது அசிமோவின் கேள்வி. வரலாற்றிடம் அவர் கேட்டதைத் தொடர் ஒரு உடம்பிடம் கேட்கிறது. முதல் சீசனில், தனக்கும் ஆன்மா உண்டு என்று காட்டுவதற்காகப் பேரரசர் பாலைவனத்தில் ஒரு புனித நடைப் பயணம் போவார். அசிமோவ் எழுதாத அந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதே தொடரில் சால்வர் ஹார்டினைப் பாருங்கள். நாவலில் அவர் செல்டனின் ஆட்கள் குடியேறிய டெர்மினஸ் கோளின் நகர மேயர். திறமையற்றவர்களின் கடைசிப் புகலிடம்தான் வன்முறை என்று சொல்கிறவர். பக்கத்து அரசுகளை ஒன்றுக்கொன்று பயப்படவைத்தே ஊரைக் காப்பாற்றுவார். தொடரின் முதல் சீசனில் அவர் துப்பாக்கி ஏந்திய காவலர். ஆணைப் பெண்ணாக மாற்றியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கால் டோர்னிக்கையும்தான் பெண்ணாக்கினார்கள். நாவலில் கால் செல்டனைப் பார்க்க வரும் இளைஞர் என்பதற்குமேல் அதிகம் இல்லை, அதனால் அங்கே சேர்ப்பதற்கு நிறைய இடம் இருந்தது. ஹார்டினிடம் பறிபோனது பேச்சு சாமர்த்தியம். அதற்காகத்தான் அந்தப் பாத்திரமே இருந்தது.

பிலிப் கே. டிக்கின் 1962 நாவலிலிருந்து அமேசான் எடுத்த ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ (2015-2019) தொடரிலும் இதையே கண்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்று அமெரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்ட உலகம். ரூஃபஸ் சீவெல் நடித்த ஜான் ஸ்மித் நாவலில் கிடையாது. சாதாரண அமெரிக்கக் குடும்பஸ்தர் ஒருவர் நாஜி அதிகாரியாக எப்படி இயல்பாகப் பொருந்திப்போகிறார் என்று அவர் மூலம் காட்டினார்கள். நான்கு சீசனையும் தாங்கியவர் அவர்தான். ஆனால் ஜெர்மனியும் ஜப்பானும் தோற்றதாக ஒருவர் கற்பனை செய்து எழுதி, நாவலில் கைக்குக் கை மாறும் தடைசெய்யப்பட்ட புத்தகம் தொடரில் படச்சுருள்களாக மாறியது. ஒரு எழுத்தாளர் கற்பனை செய்தது எப்படி உண்மையாக இருக்க முடியும் என்ற திகைப்பு அதோடு போய்விட்டது. பிறகு உலகம் விட்டு உலகம் போக இயந்திரமும் வந்தது, எனக்கு ஆர்வம் குறைந்தது.

2000-ல் மூன்று பாகமாக வந்த ‘டியூன்’ குறுந்தொடரைப் பலர் இப்போது பார்ப்பதில்லை. அரங்குக்குள் எடுத்த பாலைவனம் அரங்காகவே தெரியும், உண்மைதான். ஆனால் விட்டோரியோ ஸ்டோராரோவின் ஒளியமைப்புக்காகவே உட்காரலாம், அதற்கு எம்மி விருதும் கிடைத்தது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவலில் அத்தியாயத் தலைப்பு மேற்கோள்களில்தான் இளவரசி இருலானை அதிகம் சந்திக்கிறோம். இங்கே அவளுக்குத் தனிக் கதையோட்டம் கொடுத்தார்கள். முடிவில் அவளுக்கு நடக்கும் திருமணத்துக்கு அதனால்தான் கனம் வருகிறது.

ஆர்தர் சி. கிளார்க்கின் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ 2015-ல் வந்தபோது, நாவலில் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தவரை ஒரு விவசாயியாக்கிவிட்டார்கள். நடிகர் சார்லஸ் டான்ஸ் இருந்தும் முதல் பாகம் எனக்கு ஒட்டவில்லை.

சேர்த்ததெல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2020-ல் வந்து ஒரே சீசனோடு நின்ற ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ தொடரில் எல்லோரையும் இணைக்கும் ஒரு செயற்கை அறிவைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். மூல நாவலை எழுதிய ஆல்டஸ் ஹக்ஸ்லியின் உலகத்தில் மனிதர்கள் தங்கள் அடிமைத்தனத்தைத் தாங்களே விரும்புகிறார்கள், அதுதான் பயங்கரம். பழியைப் போட ஒரு இயந்திரம் கிடைத்ததும் அந்தப் பயம் போய்விடுகிறது. நாவலின் கேள்வியை நீட்டுகிற சேர்ப்பு வேறு, கேள்விக்குப் பதில் சொல்லி மூடிவிடுகிற சேர்ப்பு வேறு.

ரசிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உர்சுலா லெ க்வினின் ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ நாவலை 1980-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி குறைந்த செலவில் படமாக எடுத்தது. தன் கனவுகள் உலகத்தையே மாற்றிவிடுகின்றன என்று அஞ்சும் ஒரு மனிதனின் கதை. உரிமச் சிக்கல்களால், முக்கியமாக அதில் வரும் ஒரு பீட்டில்ஸ் பாட்டால், பல வருடம் மறு ஒளிபரப்பே இல்லை. பார்த்தவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000-ல் அது திரும்ப வந்தது, அந்தப் பாட்டை வேறொருவர் பாடிய வடிவத்தோடு. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பிபிசியைப் பார்த்தால் போதும். பீட்டர் குஷிங் துப்பறிவாளராக நடித்த அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1964) சில துணுக்குகள் தவிர அழிந்துபோனது. ஜான் கிறிஸ்டோபரின் மூன்று நாவல்களிலிருந்து எடுத்த ‘தி டிரைபாட்ஸ்’ இரண்டு சீசனோடு நிறுத்தப்பட்டது, கடைசி நாவல் படமாகவே இல்லை. தொடரோடு வளர்ந்தவர்கள் மீதியைப் புத்தகத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சந்தா கட்டிய தளத்தில் நான் பாதி பார்த்துக்கொண்டிருந்த தொடர் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனது. அதிலிருந்து, மனதுக்கு நெருக்கமானது வட்டாக வந்தால் வாங்கிவைத்துவிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ பாருங்கள், ஒரே மாலையில் முடிந்துவிடும். ‘ஃபவுண்டேஷன்’ என்றால் நாவலின் முதல் பாகத்தையாவது படித்துவிட்டு வாருங்கள். முதல் சீசனில் டெர்மினஸ் காட்சிகள் இழுவையாகத் தோன்றினால் அதற்காக நிறுத்திவிட வேண்டாம். இரண்டாம் சீசனில் நடை வெகுவாகச் சீராகிறது, பேரரசர்களின் கதை முதலிலிருந்தே நன்றாக இருக்கிறது. அப்புறம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரம் ஒன்று என்று பார்த்தபோதுதான் நடுவில் புத்தகத்தை எடுத்து ஒப்பிட எனக்கு நேரம் கிடைத்தது.