பனையோலைப் பையா, தையல்கடைத் துணிப்பையா?

கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று 2025 நவம்பர் 1 முதல் நடைமுறை வந்த பிறகு, திருகோணமலையில் என் வயதுக்காரர் பலர் சந்தைக்குப் பையோடு வருகிறார்கள். ஆனால் மிச்சமாகும் அந்தச் சில ரூபாய்க்காக எவரும் பனையோலைப் பை வாங்குவதில்லை. பார்க்க வடிவாக இருக்கிறது, கூட்டாளிமார் "எங்கே வாங்கினாய்?" என்று கேட்கிறார்கள், வாங்க வைப்பது அதுதான். அதில் பிழையும் இல்லை. கோட்டையடியில் மான் ஒன்று பொலித்தீனை மென்றுகொண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு வேறு காரணமே வேண்டாம்.

'மக்கும் பை' என்று விற்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் கிடந்த அப்படியான சில பைகள் அதன் பிறகும் சாமான் தாங்கியதை பிளிமத் பல்கலைக்கழக ஆய்வொன்று 2019இல் காட்டியது.

மிச்சம் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஓலைப்பை அழகு, பின்னும் பெண்களின் கைக்குக் காசும் போகும். ஆனால் ஈரம் ஆகாது. மாரியில் என் பையின் அடியில் பூஞ்சணம் பிடித்தது. வெயிலில் காயவைத்துத் துடைத்தும் மணம் போகவில்லை. மடித்தால் ஓலை முறியும்.

என் ஓட்டு துணிப்பைக்குத்தான். தையல்கடையில் வெட்டி மிஞ்சிய துணியில் தைத்தது. மீன் தண்ணீர் பட்டால் சவர்க்காரம் போட்டு அலசி, கொடியில் போட்டால் சரி. மடித்து ஸ்கூட்டர் சீற்றுக்கு அடியில் வைத்துவிடுவதால், வழியில் திடீரென்று இறால் வாங்கினாலும் பை கையில் இருக்கும். கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்க முடிவதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூமி வெப்பமாவதை மட்டும் வைத்துப் பார்த்தாலே, ஒரு தடவை பாவித்து வீசும் பொலித்தீன் பையை வெல்லப் பருத்திப் பையை 131 தடவை பாவிக்க வேண்டும் என்று பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011இல் கணக்கிட்டது. மிஞ்சிய துணிக்கு அவ்வளவு வராது என்று நினைக்கிறேன். எப்படியோ, கழுவிக் கழுவிப் பாவிக்க முடியாத பை அந்தக் கணக்கை எட்டாது.

மீன் வாங்காத வீட்டில் ஓலைப்பை நீண்ட காலம் நிற்கக்கூடும். நான் ஒரு மாரிதான் பார்த்திருக்கிறேன். பரிசு கொடுக்க இன்னும் அதைத்தான் வாங்குவேன். துணிப்பை தைக்கக் கொடுப்பவர்கள், கைபிடியைப் பையின் அடிவரை இழுத்துத் தைக்கச் சொல்லுங்கள். அரிசி வாங்கும்போது முதலில் பிய்வது அந்த இடம்தான்.