பேய் நாவல்கள்: பிள்ளைகளுக்கு எது, நமக்கு எது?

பேய்க் கதைகளைப் பரிந்துரைக்கச் சொல்லும்போது எல்லோரும் முதலில் பேசுவது வயதைத்தான். பத்து வயதுக்கு இது, பதினைந்துக்கு அது என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாவலில் வருகிற பயத்துக்கு ஓர் உருவம் இருக்கிறதா, அதை எதிர்க்க ஒரு வழி இருக்கிறதா என்று பார்ப்பதே மேல். இரண்டும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் தாங்கிக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால் நாற்பது வயதுக்காரரும் விளக்கை அணைக்கத் தயங்குவார்.

அப்படிப் பார்த்தால் சிறுவர்களிடம் முதலில் கொடுக்கத் தகுந்தது நீல் கெய்மனின் 'காரலைன்' (2002). புதிதாகக் குடிவந்த வீட்டில் ஒரு கதவு. திறந்தால் செங்கல் சுவர். பிறகொரு நாள் திறக்கும்போது சுவர் இல்லை. அந்தப் பக்கம் இதே போன்ற வீடு, இதே போன்ற அம்மா. சாப்பாடு ருசியாக இருக்கிறது, பொம்மைகள் அருமையாக இருக்கின்றன, அம்மாவுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்புப் பொத்தான்கள். அங்கேயே தங்க வேண்டுமானால் காரலைனும் தன் கண்களில் பொத்தான் தைத்துக்கொள்ள வேண்டும்!

கொடூரமான கற்பனைதான். ஆனால் அந்த இன்னொரு அம்மாவுக்கு விளையாட்டில் ஆசை. பந்தயத்துக்கு அழைத்தால் மறுக்க மாட்டாள். அவளிடம் சிக்கிய பெற்றோரையும், முன்பே சிக்கி மாண்ட மூன்று குழந்தைகளின் ஆன்மாக்களையும் தேடிக் கண்டுபிடித்தால் விடுதலை. ஏமாற்றுவாள் என்று தெரிந்தே காரலைன் களத்தில் இறங்குகிறாள். பிள்ளைகள் இதைச் சாகசக் கதையாக வாசிக்கிறார்கள், கெட்ட கனவு வருவது பெரியவர்களுக்குத்தான் என்று கெய்மனே சொல்லியிருக்கிறார். வியப்பில்லை. பிள்ளை காரலைனோடு சேர்ந்து நடக்கிறது. பெற்றோரோ, தம்மைவிட அன்பான அம்மாவாக நடிக்கத் தெரிந்த ஒருத்தியைப் பார்க்கிறார்கள்.

இதே வயதினருக்கான அலமாரியில்தான் பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) நாவலையும் வைக்கிறார்கள். 2007இல் புற்றுநோயால் இறந்த எழுத்தாளர் ஷிவான் டவ்ட் விட்டுச்சென்ற கருவை எடுத்து நெஸ் எழுதியது. பிரிட்டனில் சிறுவர் நூல்களின் எழுத்துக்குத் தரப்படும் கார்னகி பதக்கமும் ஓவியத்துக்கான கிரீனவே பதக்கமும் 2012இல் இந்த ஒரே நூலுக்குக் கிடைத்தன. ஜிம் கேயின் கறுப்பு வெள்ளை ஓவியங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருட்டைக் கொண்டுவந்து கொட்டுகின்றன.

பதின்மூன்று வயதுக் கானரின் அம்மாவுக்குத் தீராத நோய். நள்ளிரவு கழிந்து 12:07க்கு யூ என்ற ஊசியிலை மரம் ஒன்று அரக்கனாக எழுந்து அவன் ஜன்னலுக்கு வருகிறது. அவன் அதற்குப் பயப்படுவதில்லை, அதைவிட மோசமான ஒன்றைத் தினமும் கனவில் பார்ப்பதால். அரக்கன் மூன்று கதைகள் சொல்லும். நான்காவதை அவன் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையை. பயம் அவனுக்குள்ளேயே இருக்கிறது. அதை ஜெயிக்க முடியாது, ஒப்புக்கொள்ளத்தான் முடியும்.

நாவலாக எடைபோட்டால் 'காரலைனை'விட இதுவே பெரியது என்பேன். அப்படியிருந்தும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதை முதலில் எடுத்துத் தர மாட்டேன். வீட்டில் யாரேனும் கடும் நோயில் இருந்தால், பேய்க் கதை என்று சொல்லி இதைக் கையில் திணிப்பது நியாயமே இல்லை. பெரியவர் ஒருவர் முதலில் படித்துவிட்டு, பிறகு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கலாம்.

இந்த இரண்டுக்கும் அடுத்த படியில் நிற்பது ரே பிராட்பரியின் 'சம்திங் விக்கட் திஸ் வே கம்ஸ்' (1962). அக்டோபர் மாதத்தில் ஊருக்குள் வரும் கேளிக்கைக் கண்காட்சி. அங்கே ஒரு குதிரை ராட்டினம். அது முன்னால் சுற்றினால் வயது ஏறும், பின்னால் சுற்றினால் இறங்கும். சிறுவர்கள் பெரியவர்களாகத் துடிக்கிறார்கள். ஐம்பத்து நான்கு வயது அப்பா இளமைக்கு ஏங்குகிறார். அப்பாவும் மகனும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வெவ்வேறு பக்கங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். குறை, மொழி. உவமைக்கு மேல் உவமை. பொறுமையற்ற வாசகர் பாதியில் வைத்துவிடுவார்.

பெரியவர்களிடம் வந்தால், ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) நாவலில்தான் தொடங்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தனித்த மாளிகை, இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த இளம் ஆசிரியை, இறந்துபோன இரு பணியாளர்களின் உருவங்கள். உருவங்கள் உண்மையா, அவள் மனத்தின் பிரமையா? 1934இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் பிரமை என்று வாதிட்டுக் கட்டுரை எழுதியதிலிருந்து அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. சண்டை சுவையானது. நாவலின் வாக்கியங்கள்தாம் கயிறு போல நீண்டுகொண்டே போகின்றன. பயப்படுவதற்குள் எழுவாயைத் தேட வேண்டியிருக்கிறது.

எனவே என் வாக்கு ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) நாவலுக்கே. ஆவிகளை ஆராய ஓர் ஆய்வாளர் கூட்டும் சிறு குழுவில் எலினாரும் ஒருத்தி. முப்பத்திரண்டு வயது, பதினொரு ஆண்டுகள் நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டதிலேயே இளமை போய்விட்டது. பேயை நமக்குக் கண்ணெதிரே காட்டுவதே இல்லை ஜாக்சன். இரவில் கதவுகள் அதிர்கின்றன. இருட்டில் ஏதோ ஒரு குழந்தையின் அழுகை கேட்க, எலினார் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால் தோழி தள்ளித் தன் படுக்கையில் இருக்கிறாள். இதை நான் சொல்லிவிட்டதால் ஒன்றும் கெடாது, வாசிக்கும்போது எப்படியும் உடல் சில்லிடும்.

அதைவிட என்னை உலுக்குவது சுவரில் தோன்றும் எழுத்து. வீட்டுக்கு வா என்று எலினாரைப் பெயர் சொல்லி அழைக்கிறது அது. தனக்கென்று ஒரு வீடே இல்லாதவளுக்கு அது மிரட்டலா, வரவேற்பா? ஜேம்ஸ் நம்மைத் துப்பறிய வைக்கிறார். ஜாக்சன் எலினாருக்காக ஏங்க வைத்துவிட்டுப் பிறகு நடுங்க வைக்கிறார். ஒரு எச்சரிக்கை: 2018இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பெரிதும் வேறு கதையைச் சொல்கிறது.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை (1897) ஏன் விட்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு: கோட்டையில் நடக்கும் முதல் நான்கு அத்தியாயங்களுக்கு இணையே இல்லை. அதன் பிறகு துரத்தல் நீள்கிறது.

பயத்தைவிடக் கற்பனையே முக்கியம் என்றால் போட்டி இரண்டு சிறிய நாவல்களுக்கு இடையில். ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ' (1955) நாவலில், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக அப்பாவைத் தேடிக் கோமாலா என்ற ஊருக்குப் போகிறான் ஒருவன். அங்கே அவனிடம் பேசுபவர்கள் எல்லாம் இறந்தவர்கள். யார் பேசுகிறார்கள், எந்தக் காலம் என்பதே முதல் வாசிப்பில் பிடிபடாது. கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ் இதை ஒரே இரவில் இரண்டு முறை படித்தாராம். சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) அத்தனை கடினமல்ல. முடிவற்ற மண்டபங்கள், ஆயிரக்கணக்கான சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகங்கள், நாட்குறிப்பு எழுதும் ஒரு வெள்ளந்தி மனிதன். அவன் நம்பும் ஒருவரை நாம் சந்தேகிக்கத் தொடங்கும்போது கிலி பிடிக்கிறது. பதினைந்து வயதுக்காரரும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் படிக்க இதைத்தான் சொல்வேன். பின்னட்டைக் குறிப்பைப் பார்க்காமல் நேராக முதல் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.