ஏற்காட்டில் ஆய்வு அறப் பயிலரங்கு: இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தவரின் மதிப்பீடு

சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு மூவர் என்னிடம் ஆய்வு செய்கிறார்கள். ஆய்வு அறம், மாணவரின் கல்வி நேர்மை ஆகியவற்றைப் பற்றி ஏற்காட்டில் கல்லூரி ஆசிரியர்களுக்கென நடந்த இரண்டு நாள் பயிலரங்குக்கு, தங்குமிடமும் உணவும் உட்பட 2,800 ரூபாய் கட்டிப் போய் வந்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்திய அமைப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே பாடப்பகுதிகளைக் கொண்டு வேறு பலரும் பயிலரங்கு நடத்துவதால், பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த மதிப்பீடு பெயரில்லாமலும் பயன்படும்.

ஏற்பாடுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு அஸ்தம்பட்டியில் வேன் ஏற்றினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதுக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட, ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய அமர்வு பத்தேகாலுக்குத் தொடங்கியது. அறை சுத்தம், போர்வை போதாது, காப்பி நன்றாக இருந்தது. அதைக்கூடச் சரியாகத் தராவிட்டால் ஏற்காட்டில் எதற்கு நடத்த வேண்டும்?

மனத்தை உறுத்திய முதல் காரியம் அமர்வு தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் இரண்டு நாளுக்கும் சேர்த்து, முற்பகல் பிற்பகல் என நான்கு கட்டங்களிலும் முதல் நாள் காலையிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழ் அச்சிட வசதியாக இருக்கும் என்று காரணம் சொல்லப்பட்டது. மறுநாள் முற்பகல் அமர்வில் ஐம்பது நாற்காலிகளில் இருபதுக்கும் மேல் காலியாக இருந்தன. அந்த நாற்காலிகளுக்கு உரியவர்கள் ஏரியில் படகில் இருந்தார்கள், பதிவேட்டிலோ அரங்கில் இருந்தார்கள். பதவி உயர்வுக்கு இந்தச் சான்றிதழ் உதவும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. வகுப்புக்கு வராத நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் மாணவனைப் பற்றி முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் பேசினோம். நானும் நான்கு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டவன்தான் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதல் நாளின் பெரும்பகுதி விதிகளுக்குப் போனது. கருத்துத் திருட்டைத் தடுப்பதற்காகப் பல்கலைக்கழக மானியக்குழு 2018-ல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளைப் பயிற்றுநர் தெளிவாகவே விளக்கினார். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆசிரியர்களின் வெளியீடுகளுக்கும் தண்டனை வரிசை ஒன்று உண்டு: கட்டுரையைத் திரும்பப் பெறச் செய்வது, ஊதிய உயர்வை நிறுத்துவது, இரண்டு அல்லது மூன்றாண்டுகளுக்குப் புதிய ஆய்வாளர்களுக்கு நெறியாளராக இருக்கவிடாமல் தடுப்பது. மாணவர்களுக்கான அட்டவணை திரையில் இருபது நிமிடம் இருந்தது. ஆசிரியர்களுக்கான அட்டவணையை ‘நமக்கு இது தேவைப்படாது’ என்ற சிரிப்போடு தள்ளிவிட்டார், அரங்கமும் சேர்ந்து சிரித்தது.

என் குறை சிரிப்பைப் பற்றியது அல்ல. நேர்மையை ஒரு விழுக்காடாக மட்டுமே காட்டியதுதான் என் குறை. சர்க்கரை நோயாளி பரிசோதனைக்கு முந்தின இரவு மட்டும் சோற்றைக் குறைத்துக்கொள்வதைப் போல, ஆய்வாளர்கள் ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருளில் ஏற்றும் முன் வாக்கியங்களை முறித்தும் சொற்களை மாற்றியும் எண்ணைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அப்படி ‘இறக்கித் தரும்’ வேலையைக் கூலிக்குச் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 9 விழுக்காடு வந்துவிட்டால் ஏடு தூய்மையாகிவிட்டது என்ற எண்ணத்தைப் பயிலரங்கு கலைக்கவில்லை, உறுதிப்படுத்தியே அனுப்பியது.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இந்த எண் எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி எழவே இல்லை என்பதும் ஏமாற்றம். தமிழில் இன்றும் பெரும்பகுதி நூல்கள் அச்சில் மட்டுமே இருக்கின்றன, அல்லது பக்கங்களைப் படமெடுத்த கோப்புகளாக இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை கணினியின் கண்ணுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லாத நூலிலிருந்து ஒரு முழு அதிகாரத்தை எடுத்து எழுதினாலும் மென்பொருள் மூன்று விழுக்காடு என்று சொல்லக்கூடும். மறுபுறம், தொடர்ச்சியான பதினான்கு சொற்கள் வரை ஒத்திருந்தால் அதைப் பொது அறிவாகவோ தற்செயலாகவோ விட்டுவிடலாம் என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. ஆங்கிலத்தில் பதினான்கு சொல் ஒரு வாக்கியத்துக்குப் போதாமல்கூட இருக்கலாம். தமிழில் ஒரு குறளுக்கு ஏழு சீர் என்றால், பதினான்கில் இரண்டு குறள் அடங்கிவிடும். இதைக் கேள்வியாக எழுப்பினேன். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அடுத்த படவில்லைக்குப் போனார்கள்.

பிறர் எழுத்தை எடுத்தாள்வது பற்றிய கவலையே மேலைநாட்டு இறக்குமதி, நம் மரபில் அது கிடையாது என்று ஒரு பயிற்றுநர் போகிற போக்கில் சொன்னதையும் என்னால் ஏற்க முடியவில்லை. தொல்காப்பியத்தை ஒரு முறை புரட்டியவருக்குக்கூட ‘என்மனார் புலவர்’ கண்ணில் படாமல் போகாது. இது நான் சொல்வது அல்ல, எனக்கு முன்னிருந்தோர் சொன்னது என்று நூலுக்குள்ளேயே சொல்லிவிடும் வழக்கம் அது.

முதல் நாள் மாலையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்களிடம் நேர்மை உறுதிமொழியைத் தேர்வின் முடிவில் வாங்காமல் விடைத்தாளின் தலைப்பிலேயே கையெழுத்தாக வாங்கினால் ஏமாற்று குறையும் என்று ஒரு பயிற்றுநர் பரிந்துரைத்து, ஆதாரமாக 2012-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரையைக் காட்டினார். அந்தக் கட்டுரையை எழுதியவர்களே பின்னர் பெரிய அளவில் சோதனையைத் திரும்பச் செய்து, விளைவு கிடைக்கவில்லை என்று 2020-ல் அறிவித்தார்கள். மறு ஆண்டு, அதில் பயன்பட்ட கார் காப்பீட்டுத் தரவு புனையப்பட்டது என்பதற்கான சான்றுகள் வெளிவந்து, இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நேர்மையை வளர்க்கும் வழி பற்றிய கட்டுரையே பொய்த் தரவால் விழுந்தது. ஆய்வு அறத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல கதை கிடைக்காது, ஆனால் அரங்கில் அது நேர்மாறாகப் பயன்பட்டது. நான் எழுந்து சொன்னபோது பயிற்றுநர் கோபப்படவில்லை, சரிபார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து மின்னஞ்சலில் வந்த படவில்லைத் தொகுப்பில் அந்தப் பக்கம் மாறாமல் அப்படியே இருந்தது.

இவ்வளவு குறைக்குப் பிறகும் கட்டிய பணம் வீண் என்று நான் சொல்லாததற்கு இரண்டாம் நாள் பிற்பகல்தான் காரணம். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை ஒருவர் கணினி இல்லாமல், ஒரு கட்டுத் தாளோடு வந்தார். சேலத்து ஜவ்வரிசித் தொழிலைப் பற்றிய ஒரு பக்கத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலைத் தெளியவைத்து மாவெடுப்பது, மாவை உருட்டி வறுத்துக் காயவைப்பது, 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு, 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடு என எல்லாம் அதில் இருந்தன. முதலில் தாளைக் கையில் வைத்துக்கொண்டே சொந்த நடையில் ஐந்தாறு வாக்கியம் எழுதச் சொன்னார். பிறகு தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே செய்தியை மறுபடி எழுதச் சொன்னார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் முயற்சியில் நான் செய்ததெல்லாம் ‘மரவள்ளி’யைக் ‘குச்சிக்கிழங்கு’ ஆக்கியதும், ‘தொடங்கப்பட்டது’ என்பதை ‘நிறுவப்பட்டது’ ஆக்கியதும்தான். வாக்கியங்களின் வரிசையும் எலும்பும் அந்தத் தாளுடையவையே. இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியன் செய்ததும், நான் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பியனுப்பும் மாணவன் செய்வதும் ஒன்றே. இரண்டாம் முயற்சி வேறு மாதிரி வந்தது. எனக்குப் புரிந்தவை மட்டும் எனக்குத் தோன்றிய வரிசையில் நின்றன. ஆண்டு மறந்துபோய் இடைவெளி விட்டிருந்தேன். எந்த இடத்தை நிரப்ப மூலத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறதோ அந்த இடத்தில் அடிக்குறிப்பு போடுங்கள் என்றார் அவர். மேற்கோள் காட்டும் முறையைப் பற்றி நான் கேட்டவற்றில் மாணவருக்கு உடனே புரியக்கூடிய விளக்கம் இதுதான்.

ஆனாலும் அந்த விளக்கம் போதாது. காய்ந்த ஜவ்வரிசியை ஆலங்கட்டிக்கு ஒப்பிட்டு அந்தத் தாளில் ஓர் உவமை இருந்தது. என் இரண்டாம் முயற்சியிலும் அது வந்திருந்தது, நானே நினைத்தது போல. தேட வேண்டியதே இல்லாமல் மனத்தில் ஒட்டிக்கொண்டது. மனப்பாடத்தில் பழகிய நம் மாணவர்களிடம் நிகழும் எடுத்தாள்கையில் பெரும்பகுதி இவ்வகை என்பது என் கணிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகத்தின் பின்பக்க வினாவுக்குப் புத்தகத்தின் சொல்லையே திருப்பித் தந்தவனுக்குத்தான் முழு மதிப்பெண் போடுகிறோம், சொந்தச் சொல்லில் எழுதியவனுக்கு அரை மதிப்பெண் குறைக்கிறோம். இளங்கலையில் ஒருவர் எழுதிய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வகுப்பே எழுதுவதைத் தெரிந்தே கையொப்பமிடுகிறோம். விழுமியக் கல்விப் பாடத்தைக்கூட நோட்ஸை நெட்டுருப் போட்டே எழுதுகிறார்கள். பிறகு முனைவர் பட்டத்துக்கு வந்ததும், மானியக்குழு கட்டாயமாக்கிய முப்பது மணி நேர ஆய்வு அறப் பாடத்தில், இதுவரை செய்ததற்குப் பெயர் திருட்டு என்று சொல்கிறோம். இந்தத் தொடர்ச்சியைப் பேராசிரியை தொட்டார். பேசத் தொடங்கியபோது நேரம் முடிந்து, வேன் கிளம்பப் போகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி மாணவனைக் குற்றவாளியாக்கலாம் என்ற தொனியில் பேசினார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது என்பதைச் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்த வாரமே ஜவ்வரிசிப் பயிற்சியை என் முதுகலை வகுப்பில் நடத்தினேன். ஜவ்வரிசிக்குப் பதிலாகச் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டைப் பற்றி நானே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முப்பது நிமிடமும் முப்பது தாளும் போதுமாக இருந்தன. விதிகள் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இந்தப் பயிலரங்குக்குப் பணம் கட்ட வேண்டாம், 2018 ஒழுங்குமுறை மானியக்குழுவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த முறை அந்தப் பேராசிரியை வருகிறாரா, எத்தனை மணி நேரம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம். அவரது அமர்வை மட்டும் சேலத்திலேயே ஒரு முழு நாளாக நடத்தினால், ஆய்வாளர்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் போவேன். கையெழுத்து மட்டும் மாலையில் வாங்கிக்கொள்ளட்டும்.