ஃபெடரல் காசா சொந்த வரியா? ஓக்லாந்து போலீஸ் கணக்க வச்சு ஒரு அலசல்

அமெரிக்காவுல சிட்டி கவுன்சில் அஜெண்டாவ எடுத்து பாத்தீங்கன்னா கன்சென்ட் காலண்டர்னு ஒரு பகுதி இருக்கும், அதுல இருக்குற ஐட்டம் எல்லாத்தையும் ஒரே ஓட்டுல மொத்தமா பாஸ் பண்ணிட்டு போயிருவாங்க. போலீஸுக்கு வர்ற ஃபெடரல் கிராண்ட், அதாவது மத்திய அரசு மானியம், பெரும்பாலும் அங்கதான் உக்காந்திருக்கும். வாஷிங்டன்ல இருந்து சும்மா காசு வருது, வேணாம்னா சொல்லப்போறோம்னு யாரும் வாயே திறக்க மாட்டாங்க. ஆனா எந்த கிராண்ட், எதுக்கு, எத்தன வருஷத்துக்குங்கறத பொறுத்து கதையே மாறும். இத பேச கலிஃபோர்னியாவுல இருக்குற ஓக்லாந்த விட நல்ல ஊர் கிடைக்காது, ஆள் எடுக்குற கிராண்ட், கேமரா வாங்குற கிராண்ட், சொந்த வரி எல்லாத்துலயும் கைய விட்டு பாத்த ஊர் அது.

மொதல்ல ஆள் எடுக்குற கிராண்ட், காப்ஸ் ஹயரிங் ப்ரோக்ராம். 1994ல கிளின்டன் காலத்து கிரைம் பில்லுல 1,00,000 போலீஸ புதுசா தெருவுல இறக்குறோம்னு ஆரம்பிச்சது. புது போலீஸ்காரரோட ஆரம்ப சம்பளமும் பெனிஃபிட்டும் மூணு வருஷத்துக்கு 75% வரைக்கும் ஃபெடரல் தரும், மீதி 25% சிட்டி போடணும் (இதத்தான் மேட்ச்னு சொல்வாங்க), மூணு வருஷம் முடிஞ்சதும் அந்த போஸ்ட்ட குறைஞ்சது 12 மாசம் சிட்டி சொந்த காசுல வச்சிருக்கணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு போஸ்ட்டுக்கு அதிகபட்சம் 1,25,000 டாலர்தான்னு ஒரு உச்சவரம்பு இருக்கு பாருங்க, அங்கதான் இடிக்குது.

2009ல பொருளாதாரத்த தூக்கி நிறுத்த ஃபெடரல் அரசு காசு இறக்குன ஸ்டிமுலஸ் நேரத்துல மட்டும் மேட்ச்சும் கிடையாது உச்சவரம்பும் கிடையாது, சம்பளம் 100% அவங்களே குடுத்தாங்க, அதுல ஓக்லாந்துக்கு 41 போலீஸுக்கு சுமார் 1.97 கோடி டாலர் வந்துச்சு. வகுத்து பாருங்க, ஆளுக்கு மூணு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 4,80,000, அதாவது வருஷத்துக்கு 1,60,000. இப்ப இருக்குற ரூல அதே ஆளுக்கு போட்டா 4,80,000ல 1,25,000தான் வரும், 75%னு சொன்னது 26% ஆயிருது, கட்டாயம் வச்சிருக்க வேண்டிய நாலாவது வருஷத்தையும் சேத்தா 20%க்கும் கீழ போயிருது, அதுவும் 2009 சம்பளத்துல! வண்டி, துப்பாக்கி, ஓவர்டைம் எல்லாம் தனி, அதுக்கு இந்த கிராண்ட்ல சல்லிக்காசு கிடையாது. சம்பளம் கம்மியா இருக்குற சின்ன ஊருக்கு இந்த கணக்கு நெஜமாவே ஒத்துவரும், அத நான் மறுக்கல. ஓக்லாந்து இருக்குற பே ஏரியா மாதிரி சம்பளம் அதிகமான இடத்துல இத வாங்குறது யானையைக் கட்டி தீனி போடுற வேலைதான்.

அந்த 41 பேருக்கான காசு வந்த அடுத்த வருஷமே, 2010 ஜூலைல, பட்ஜெட்ல பெரிய ஓட்டைன்னு சொல்லி ஓக்லாந்து 80 போலீஸ வேலைய விட்டு அனுப்புச்சு. பென்ஷனுக்கு சம்பளத்துல 9% நீங்களே கட்டுங்கன்னு கவுன்சில் கேட்டுச்சு, அப்படின்னா லேஆஃப் இல்லன்னு கேரண்டி குடுங்கன்னு யூனியன் கேட்டுச்சு, பேச்சு முறிஞ்சு போச்சு. ஒரு கையில ஃபெடரல் காசுல ஆள வச்சுக்கிட்டு இன்னொரு கையால ஆள அனுப்புற நெலம. கிராண்ட் வந்தா ஊரோட அடிப்படை பட்ஜெட் நோய் தீராதுங்கறதுக்கு இத விட வேற சாட்சி வேணுமா என்ன.

அப்ப சொந்த வரி? அதையும் பாப்போம். 2004ல ஓக்லாந்து மக்கள் மெஷர் ஒய்ய (மக்கள் ஓட்டுக்கு விடுற தீர்மானத்த மெஷர்னு சொல்வாங்க) ஓட்டு போட்டு ஜெயிக்க வச்சாங்க, வீட்டு மனைக்கு ஒரு வரி, பார்க்கிங்குக்கு ஒரு சார்ஜ், அந்த காசு போலீஸ், ஃபயர், வன்முறை தடுப்பு மூணுக்கும். ஆனா பட்ஜெட்ல 739 போலீஸ் இல்லன்னா அந்த வரியவே வசூலிக்க கூடாதுன்னு ஒரு கண்டிஷன் உள்ள வச்சிருந்தாங்க. 80 பேர அனுப்புனதும் என்னாச்சு, நம்பர் 739க்கு கீழ போச்சு, வரியும் போற நெலம, அதாவது காசு இல்லன்னு ஆள குறைச்சா இருக்குற காசும் போயிரும்! அதே வருஷம் நவம்பர்ல மெஷர் பிபின்னு ஒன்னு கொண்டு வந்து மக்கள்கிட்ட மறுபடி ஓட்டு வாங்கித்தான் அந்த கண்டிஷன நிறுத்தி வச்சாங்க. அப்புறம் வந்த மெஷர் இசட்ல அந்த போலீஸ் நம்பர் 678, 2024ல ஜெயிச்ச மெஷர் என்என்ல 700, அதுக்கு தனி வீட்டுக்கு வருஷம் 198 டாலர் வரி. ஆக சொந்த காசுன்னா கண்டிஷன் இருக்காதுன்னு நெனைக்காதீங்க. ஒரே வித்தியாசம், இந்த கண்டிஷன ஊர்க்காரங்களே ஓட்டு போட்டு மாத்திக்கலாம், வாஷிங்டன் போட்ட கண்டிஷன அப்படி மாத்த முடியாது.

மூணாவது ஜேஏஜி, அதாவது ஜஸ்டிஸ் அசிஸ்டன்ஸ் கிராண்ட், எட்வர்ட் பைர்ன் பேர்ல இருக்குறது. 1988ல நியூயார்க் குயின்ஸ்ல ஒரு சாட்சியோட வீட்டுக்கு காவலா இருந்தப்ப சுட்டு கொல்லப்பட்ட 22 வயசு போலீஸ்காரர் அவர். இது போட்டி கிடையாது, மக்கள் தொகை, வன்முறை குற்றக் கணக்கு ரெண்டையும் வச்சு ஃபார்முலா போட்டு பிரிப்பாங்க, மேட்ச் கிடையாது, நாலாவது வருஷ தலவலியும் கிடையாது. தொகை சின்னது. சிகாகோ மாதிரி ராட்சச ஊருக்கே 2016ல சுமார் 23 லட்சம் டாலர்தான், அங்க போலீஸ் பட்ஜெட் 100 கோடிக்கும் மேல.

இந்த சின்ன காசுக்குத்தான் 2017ல பெரிய சண்டை. குடியேற்றத் துறைக்கு ஒத்துழைச்சாதான் ஜேஏஜி காசுன்னு டிரம்ப் அரசு சொல்லுச்சு, சிகாகோ கோர்ட்டுக்கு போச்சு, 2018ல ஏழாவது சர்க்யூட் கோர்ட் (ஃபெடரல் அப்பீல் கோர்ட்) சிட்டி பக்கம் நின்னுச்சு. சுவாரசியம் லாஸ் ஏஞ்சலஸ் கேஸ்ல இருக்கு, ஒரே சிட்டி, ஒரே ஒன்பதாவது சர்க்யூட், ஒரே 2019, ஜேஏஜி கேஸ்ல ஜெயிச்சாங்க, காப்ஸ் கேஸ்ல தோத்தாங்க. ஏன்னா காப்ஸ் போட்டி கிராண்ட், குடியேற்ற ஒத்துழைப்புக்கு கூடுதல் மார்க் போடுறது காசு குடுக்குற ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டோட (ஃபெடரல் அரசோட நீதி அமைச்சகம்) உரிமைன்னு கோர்ட் விட்டுருச்சு, ஃபார்முலா கிராண்ட்ல அந்த அளவுக்கு இடம் இல்ல. கவுன்சில் ஆளுங்க இத தெரிஞ்சு வச்சிக்கணும்னு நான் நெனைக்கிறேன், ரெண்டும் ஒரே ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் காசுதானேன்னு ஒரே தராசுல போடக்கூடாது.

கருவி வாங்க ஹோம்லேண்ட் செக்யூரிட்டி, அதாவது உள்நாட்டு பாதுகாப்புத் துறை, குடுக்குற காசு பத்தி சுருக்கமா. துறைமுக பாதுகாப்புன்னு வந்த 1 கோடி டாலருக்கும் மேலான காசுல ஓக்லாந்து ஒரு பெரிய கண்காணிப்பு மையம் கட்ட கிளம்புச்சு, போகப்போக அது ஊர் முழுக்க கேமராங்கற அளவுக்கு வளந்துச்சு, மக்கள் கொதிச்சாங்க, 2014 மார்ச்ல துறைமுகத்தோட நிறுத்திக்கங்கன்னு கவுன்சில் முடிவு பண்ணுச்சு. கட்ட காசு வந்துச்சு சரி, 24 மணி நேரமும் திரை முன்னாடி உக்காரப்போற ஆளுக்கு யாரு சம்பளம் குடுப்பா? ஒரு நல்லது நடந்துச்சு, அந்த சண்டையில பொறந்த பிரைவசி கமிஷன் இன்னைக்கும் இருக்கு.

கையெழுத்து போட்ட கிராண்ட் எப்படியும் வந்துரும்னும் இருக்காதீங்க. 2025 ஏப்ரல்ல ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் 300க்கும் மேற்பட்ட கிராண்ட்ட பாதியிலயே ரத்து பண்ணுச்சு, மொத்த மதிப்பு 80 கோடி டாலருக்கு மேல. வன்முறை தடுப்பு வேலை பாக்குற நிறைய அமைப்புங்க அதுல மாட்டுனாங்க.

என் வரிசை இப்படித்தான். ஜேஏஜி வந்தா வாங்கிக்கலாம், கண்டிஷன் பக்கத்த வக்கீல் ஒரு தடவ படிச்சா போதும். சம்பளம் மாதிரி வருஷா வருஷம் வர்ற செலவுக்கு சொந்த வரி, ஆனா 739 மாதிரி நம்பர அதுக்குள்ள திணிக்காம. காப்ஸ் கடைசி, அதுவும் நாலாவது வருஷ சம்பளத்துக்கு எந்த வரவுல இருந்து காசுன்னு கவுன்சிலுக்கு அதிகாரிங்க குடுக்குற ஸ்டாஃப் ரிப்போர்ட்ல எழுதியிருந்தா மட்டும். உங்க ஊர் அஜெண்டாவுல காப்ஸ் வந்தா, கூட்டத்துல மக்கள் பேசுற பப்ளிக் கமெண்ட் நேரத்துல அந்த ஒரு கேள்விய மட்டும் கேளுங்க, கன்சென்ட் காலண்டர்ல இருந்து தனியா எடுத்து விவாதிக்கச் சொல்லி உங்க கவுன்சில் மெம்பர்கிட்ட முன்னாடியே ஒரு ஈமெயிலும் தட்டி விடுங்க.