ஒரு டியூபும் நாற்பது கிலோவும்

ஜிஎஸ்டி மாறியதில் இருந்து நண்பன் ஒருவன் விடுவதாக இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆக இறங்கியது. அதற்கு மேற்பட்டவை செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 31 கட்டிக்கொண்டிருந்தன, அவை 40-க்கு ஏறிவிட்டன. வரி குறைந்த சின்ன வண்டி எக்ஸ்பல்ஸ் 210 ஒரு பக்கம், வரி ஏறிய பெரிய வண்டி ஹிமாலயன் 450 இன்னொரு பக்கம், எதை வாங்குவது என்று அவன் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிறான். "நீ ரெண்டு ரகத்தையும் ஓட்டினவன்தானே, சொல்லுடா" என்கிறான்.

சரி, சொல்கிறேன். நேற்றுத்தான் முன்சக்கரத்தை மறுபடியும் கழற்றி மாட்டினேன், நகக்கண்ணில் கருப்பு இன்னும் போகவில்லை. அதனால் பதிலில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும்.

என்னுடையது கல்லும் மண்ணுமான பாதைக்கென்றே செய்த 200 சிசி ட்ரெயில் வண்டி. ஆறு வருடம், 58,000 கிலோமீட்டர். சத்தியமங்கலத்தில் இருந்து கடம்பூர் மலை, பர்கூர் மலைக் கிராமங்களுக்கு சோலார் விளக்கு சர்வீஸுக்குப் போவதுதான் பிழைப்பு. பெரிய வண்டி மச்சானுடையது. போன வருடம் மூன்று மாதம் வெளியூர் வேலைக்குப் போனவர், "சும்மா நிக்க வேண்டாம், ஓட்டிட்டு இருங்க மாப்ள" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அது பெட்ரோலோடு கிட்டத்தட்ட 200 கிலோ. என்னுடையதைவிட நாற்பது கிலோவுக்கு மேல் அதிகம்.

நாற்பது கிலோ என்பது தார் ரோட்டில் ஒன்றுமே இல்லை. ஓட ஆரம்பித்துவிட்டால் எடை எங்கே போனது என்றே தெரியாது. அது தெரிந்த இடம் மாக்கம்பாளையம் வழியில் உள்ள சர்க்கரைப் பள்ளம். (எங்கள் பக்கம் காட்டாற்றைப் பள்ளம் என்போம். புலிகள் காப்பகத்துக்குள் போகிற பாதை. வேலை இருந்தால் போகலாம், வீடியோ எடுக்க வர வேண்டாம்.) கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். நடுவில் ஒரு கல் உருண்டது, வண்டி நின்றது, இடது காலை ஊன்றினேன், கால் வைத்த இடம் குழியாக இருந்தது. வேகம் பூஜ்யம். ஒரு எருமை படுப்பதுபோல நிதானமாகச் சாய்ந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்ததுதான் தப்பு, விட்டிருக்க வேண்டும்.

தூக்குகிற முறை எனக்குத் தெரியும். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலால் தள்ளிப் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். சமதரையில் வருகிறது. பாசி பிடித்த கூழாங்கல்லில், தள்ளத் தள்ள என் கால்தான் முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. அரை மணி நேரம் கழித்து மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர், "ஏனுங்க தம்பி, இத்தாப் பெரிய வண்டிய ஒத்தையாளு கொண்டாரலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கத்தைப் பிடித்தார். வண்டிக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். என் இடுப்புதான் நான்கு நாள் நிமிரவில்லை.

அதே பள்ளத்தில் என் வண்டியைக் கணக்கில்லாமல் கீழே போட்டிருக்கிறேன். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கேரியரில், ஒரு எம்பு. தூக்கியதும் கிக்கரை மிதித்துக் கிளம்பிவிடலாம். விழுந்தால் தூக்கிவிடலாம் என்று தெரிந்தால் ஓட்டுகிற தைரியமே வேறு. பெரிய வண்டியில் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பயந்தேன். ஹார்ஸ்பவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. 'எடை குறைந்த' வண்டிகளே வருடா வருடம் சதை போடுகின்றன. 2011-இல் வந்த இம்பல்ஸ் என்ற ட்ரெயில் வண்டி 134 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 வந்தபோது 150-ஐத் தாண்டியது. இப்போதைய 210 கிட்டத்தட்ட 170. ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. இடைவெளி முப்பதுக்குள் வந்துவிட்டது. நண்பன் கேட்கிற கேள்வியே இன்னும் பத்து வருடத்தில் இருக்காது போல.

நெடுஞ்சாலையைப் பற்றிச் சுருக்கமாக. என் வண்டிக்கு 80-85 சுகம், அதற்கு மேல் போனால் கைவிரல் மரத்துவிடும், பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே திட்டுவார். நாகர்கோவில் கல்யாணத்துக்கு இதில் ஒருமுறை போனேன். முப்பந்தல் காற்றாலைப் பக்கம் காற்று ஆளையும் வண்டியையும் சேர்த்து ஒரு லேன் தள்ளிவிட்டது. அதே ஊருக்கு மச்சான் வண்டியில் நூறில் போனபோது காற்று இருந்ததா என்றே ஞாபகம் இல்லை.

இப்போது டியூபுக்கு வருகிறேன். ஆறு வருட எரிச்சலும் இங்கேதான்.

ட்ரெயில் வண்டிக்கு முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் கல்லில் முட்டி நிற்காது, ஏறிப் போய்விடும். அதில் குறையே இல்லை. ஆனால் ஸ்போக்ஸ் வீல், உள்ளே டியூப். ஊரில் ஓடுவதெல்லாம் 17, 18. புல்லட் என்றால் 19. பஞ்சர் கடையில் 21 என்று கேட்டால், "அது நம்மகிட்ட வராதுங்க" என்று பாக்கு இல்லை என்பதுபோலச் சொல்வார்கள். ஆகவே டியூபையும் டயரை நெம்புகிற இரண்டு லீவரையும் கைப்பம்பையும் சுமந்துகொண்டே திரிகிறேன்.

நேற்று கெம்பநாயக்கன்பாளையம் தாண்டி மலை ஏறும்போது கருவேல முள். மாலை நாலரை மணி, யானை நடமாடுகிற ரோடு. சென்டர் ஸ்டாண்ட் கிடையாது, எஞ்சினுக்கு அடியில் கல்லை அண்டை கொடுத்து சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றியபின் முன் பிரேக்கைத் தொடக் கூடாது, தொட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு டிஸ்க் திரும்ப நுழையாது. அதெல்லாம் சரியாகச் செய்தேன். கடைசி ஒரு சாண் டயரை உள்ளே தள்ளும்போது லீவர் புது டியூபைக் கடித்துவிட்டது. பம்பை நாற்பது முறை அடித்த பிறகுதான் 'புஸ்' என்ற சத்தம். பிறகு புது டியூபுக்கு ஒட்டு, மறுபடியும் முதலில் இருந்து. பஸ் ஒன்று கடந்து போனது, ஜன்னலோரம் இருந்த பாட்டி உச்சுக்கொட்டியதைக்கூடக் கேட்டேன். ஒரே லாபம், அவசரத்துக்கு 21 அங்குல டியூபைப் பின்சக்கரத்திலும் திணித்து மெதுவாக ஊர் வந்து சேரலாம். அதையும் இரண்டு முறை செய்தாயிற்று.

ஹிமாலயன் 450-க்கு ஸ்போக்ஸ் வீலிலேயே டியூப்லெஸ் கிடைக்கிறது. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், முள்ளைப் பிடுங்கி ரப்பர் திரியைச் சொருகி, காற்றடித்துவிட்டுப் போகலாம்.

ஆகவே நண்பா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. வரி ஏறினால் ஏறட்டும், பெரிய வண்டியையே வாங்கு. விழுந்தால் தூக்க ஆள் வருவார்கள். பஞ்சர் ஆனால் ஒருத்தனும் வர மாட்டான்.

எனக்கு 90/90-21 டியூப் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமைதான் வருமாம். மாக்கம்பாளையத்தில் பேட்டரி மாற்றுகிற வேலை திங்கட்கிழமை. ஒட்டுப் போட்ட டியூபோடுதான் போக வேண்டும்.