ஆரி ஒர்க் என்று சொல்லி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி தந்துவிட்டார்கள்

தங்கச்சியின் முகூர்த்தச் சேலை காஞ்சிபுரம் பட்டு. சேலையோடு வந்த பிளவுஸ் துணியை ஆரி ஒர்க் என்கிற கை எம்பிராய்டரி போட மதுரையில் ஒரு பொட்டிக்கில் கொடுத்தோம். கைகளில் மயில், கழுத்தைச் சுற்றி ஜர்தோசி என்கிற ஜரிகை வேலை, நடுநடுவே குந்தன் கல். "முழுக்கக் கை வேலைதான்க்கா" என்று 9,500 ரூபாய் பேசினார்கள். 5,000 அட்வான்ஸ்.

பதினைந்து நாள் முன்னாடியே தருவதாகச் சொன்னவர்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தந்தார்கள். மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் யார் திருப்பிப் பார்ப்பது? பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, லைனிங் வைத்து மூடித் தைத்திருந்தார்கள்.

மறுநாள் மேடையில் வேர்க்க வேர்க்கக் கல் உதிர ஆரம்பித்தது. தாலி கட்டும் நேரத்தில் வாண்டுகள் கீழே உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் லைனிங்கைப் பிரித்தேன். உள்ளே முழுக்க வெள்ளை பாபின் நூல், அதாவது மெஷினில் அடியிலிருந்து வரும் நூல். மயிலுக்கு அடியில் பேப்பர் மாதிரி ஒரு துணி. அப்பட்டமான கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. கல்லெல்லாம் வெறும் பசை.

ஆரி ஊசியின் நுனியில் சின்னக் கொக்கி இருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு அடியிலிருந்து நூலை மேலே இழுத்துச் சங்கிலித் தையலாகப் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரே நூல்தான், பாபின் கிடையாது. பின்பக்கத்திலும் அதே நிறம்தான் சின்னச் சின்னத் தையலாக ஓடும். குந்தனை ஒட்டினாலும் சுற்றி வேலை செய்து பிடிப்பு கொடுப்பார்கள். இதெல்லாம் ஏமாந்த பிறகு, ஆரி போடும் பக்கத்துத் தெரு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. "லைனிங் வைக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை போய்ப் பின்பக்கத்தைப் பார்த்திருக்கலாமேம்மா" என்றார். நீங்களாவது போய்ப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மட்டம் என்று சொல்லவில்லை. என் ரிசப்ஷன் பிளவுஸே அதுதான், ஆனால் அதற்குண்டான காசுதான் கொடுத்தேன்.

கடையில் போய்க் கேட்டால், "வேர்வை பட்டா கல்லு உதிரத்தான்க்கா செய்யும், கொண்டாங்க, ஃப்ரீயா ஒட்டித் தர்றோம்" என்கிறார்கள். கை வேலை என்றீர்களே என்றேன். பில்லை எடுத்து நீட்டினார்கள். அதில் 'பிளவுஸ் ஒர்க் – 1' என்றுதான் எழுதியிருக்கிறது.